ஆர்.வி. மின்கோளாறு கண்டறிதல்

வட அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகளில் இரு மின்சுற்றுகள் உண்டு. விளக்கு, தண்ணீர் பம்பு ஆகியவை பேட்டரியின் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்கும், ஏ.சி., மைக்ரோவேவ் ஆகியவற்றுக்கு முகாம் மின்கம்பமோ ஜெனரேட்டரோ தரும் 120 வோல்ட் மாறுமின்சாரம் தேவை. கோளாறு எந்தச் சுற்றில் என்று பிரித்தறிவதே முதல் வேலை.

120 வோல்ட் வராவிட்டால் கம்பத்தின் பிரேக்கர், இணைப்புக் கேபிள், வண்டியின் மெயின் பிரேக்கர் என வரிசையாகச் சோதிக்க வேண்டும். பிளக்கின் முனை கருகியிருந்தால் இணைப்பு தளர்ந்து சூடேறியிருக்கும். அந்தப் பிளக்கை மாற்றியே ஆக வேண்டும்.

விளக்கு மங்கினால் மல்டிமீட்டரால் பேட்டரியை அளக்கலாம். முழுச் சார்ஜில் ஓய்விலிருக்கும் ஈய அமில பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். வெளிமின்சாரம் தந்தபின்னும் அளவு ஏறாவிட்டால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டரையும் அதன் ஃபியூஸையும் பார்க்க வேண்டும். வயரைத் தொடுமுன் கேபிள், ஜெனரேட்டர், பேட்டரி மூன்றையும் துண்டிப்பது கட்டாயம்.