காணிக்கைக் காலணாவும் அதன் இரு நிறங்களும்

காலணாவைக் கையில் வாங்கிச் செலவு செய்த நினைவுள்ளவர்கள் இன்று நம் பங்கில் மிகச் சிலரே. 1957 ஏப்ரல் முதல் நாள் நயா பைசா புழக்கத்திற்கு வந்தது. சில ஆண்டுகளில் அணாவும் தம்பிடியும் பேச்சில் மட்டும் நின்றன. 3 தம்பிடி ஒரு காலணா, 4 காலணா ஓர் அணா, 64 காலணா ஒரு ரூபாய் என்பது அந்நாளைய வாய்ப்பாடு. கோவில் மணியைக் கொடுத்தவர் பெயர் மணியிலே இருக்கும். பீடம் கட்டிக் கொடுத்தவர் பெயர் கல்லிலே இருக்கும். ஞாயிறுதோறும் காலணா போட்ட ஏழைகளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் விட்டுச் சென்ற சாட்சி அந்தக் காசுதான். ஆகவே யூபிலிக் கண்காட்சிக்கென்று பங்கு மக்கள் கொடுத்திருக்கும் பழங்காசுகளை நாம் சற்று உற்றுப் பார்ப்பது தகும்.

இவற்றுள் மூத்தவை கிழக்கிந்தியக் கம்பெனியார் 1835-ஆம் ஆண்டு வெளியிட்ட காலணாக்கள். ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கிய கம்பெனி விருது. மறுபக்கம் மாலை வடிவத்துக்குள் காசின் மதிப்பு. எடை 100 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய ஆறரை கிராம். 1862 முதல் விக்டோரியா அரசியின் உருவம் வந்தது. 1906-இல் தனிச் செம்பு நின்று வெண்கலக் காசு தொடங்கியது. எடையும் 75 கிரெய்னாகக் குறைந்தது. போர்க்காலத்தில், 1943-இல், நடுவில் துளையிட்ட காசு வந்தது. ஓட்டைக் காலணா என்றால் பெரியவர்கள் இன்றும் சிரிப்பார்கள்.

இக்காசுகளைப் பார்த்தவர்களில் சிலர், ஒரு பக்கம் தவிட்டு நிறமாகவும் மறுபக்கம் கரியதாகவும் இருக்கிறதே, இது கள்ளக் காசோ என்று ஐயுற்றார்கள். ஐயம் வேண்டாம். இரு பக்கமும் ஒரே உலோகந்தான். அவை கழித்த காலந்தான் ஒன்றல்ல.

புதுச் செம்பின்மேல் காற்று பட்டதும் மெல்லிய செந்தவிட்டு நிறப் படலம் உண்டாகிறது. நாளடைவில் அது தடித்துக் கருக்கிறது. காற்றிலோ துணியிலோ கந்தகம் இருந்தால் கருமை விரைவில் ஏறும். ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். கடற்காற்றின் உப்பு பட்டாலும் பச்சைதான். ஆனால் அது வேறு வகைப் பச்சை, அதைப் பின்னர் சொல்வோம். ஒரு காசு மரப்பெட்டியில் ஐம்பது ஆண்டுகள் அசையாமல் கிடந்ததென்று கொள்வோம். மேற்பக்கத்திற்குக் காற்றும் தூசியும். கீழ்ப்பக்கத்திற்கு மரத்தின் புளிப்பு ஆவியும் அடியில் தங்கிய ஈரமும். இரண்டும் எப்படி ஒரே நிறமாகும்? மண்ணில் புதைந்த காசுக்கும் இதே கதைதான். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய காசுகளிலோ, மேலிருந்த காசு மறைத்த இடம் பிறைபோல் வெளிறி நிற்கும். கைபட்ட இடத்தில் வியர்வை உப்பு விரல் ரேகையாகவே பதிந்துவிடுவதும் உண்டு. பல கை மாறிய காசில் மேடான பகுதி தேய்ந்து பளபளக்க, எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கருமை தங்கும்.

எல்லாவற்றிலும் நம்மைக் கவர்ந்தது துணித்தடம். ஈரத் துணியில் நெடுநாள் முடிந்து வைத்த காசின் களிம்பில் அத்துணியின் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பதிந்துவிடும். அத்தகைய காசு ஒன்று இத்தொகுப்பிலும் இருக்கிறது, ஒரு பக்கத்தில் மட்டும். சுருக்குப்பையோ முந்தானை முடிச்சோ, எந்தப் பாட்டியுடையதோ!

இதைப் புளியிட்டுத் துலக்கினால் என்ன ஆகும்? குத்துவிளக்கைத் துலக்குவது போல ஒரு வீட்டார் தங்கள் காசுகளை நல்லெண்ணத்துடன் துலக்கியே கொண்டுவந்தார்கள். இரு பக்கமும் இளஞ்சிவப்பாய்ப் பளிச்சிடுகின்றன. எங்கே கிடந்தன, எதனோடு கிடந்தன என்று அவற்றிடம் இனிக் கேட்க முடியாது. புளியின் அமிலம் படலத்தைக் கரைக்கும்போது, மேல்தோலாகிவிட்ட செம்பும் அதனோடு போய்விடுகிறது. களிம்பைக் குற்றமாகவே உவமித்துப் பழகிய நாடு நம்முடையது. பழங்காசைப் பொறுத்தமட்டில் அந்த உவமை பொருந்தாது.

நற்செய்தியில் ஏழைக் கைம்பெண் போட்ட இரு காசுகளும் இப்படிப்பட்ட சிறு காசுகளே. கி.மு. 103 முதல் 76 வரை யூதேயாவை ஆண்ட அலெக்சாண்டர் யன்னேயு அரசனின் வெண்கலக் காசுகளே அவை என்று பலர் கருதுகின்றனர். ஒரு பக்கம் நங்கூரம், மறுபக்கம் விண்மீன். நம் காலணாவின் எடையில் கால்பங்கு தேறுவதும் அரிது.

வீட்டில் காசு வைத்திருப்போர்க்கு ஒரு சொல். வெல்வெட் விரித்த நகைப்பெட்டியும், ரப்பர் வளையமும், செய்தித்தாள் மடிப்பும் ஆகா; மூன்றும் நாளடைவில் கறை ஏற்றும். அமிலமற்ற காகித உறையில் ஒவ்வொன்றாக இட்டு, ஈரமில்லாத இடத்தில் வைத்து, எடுக்கும்போது விளிம்பைப் பிடித்தால் போதும். வெளிர்பச்சைப் பொடியாக உதிரும் காசை மட்டும் உடனே பிரித்து வையுங்கள். முன்பு சொன்ன உப்பின் வேலை அது. உப்பு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து அமிலமாகி, செம்பைத் தின்றுகொண்டே போகும், துடைத்தால் நிற்காது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் தொடங்கிய வேதியியல் ஆய்வுக்கூடம் செப்புத் திருமேனிகளுக்கு வந்த இதே நோய்க்குத்தான் வைத்தியம் பார்த்தது. துணித்தடம் பதிந்த நம் காசிலும் விளிம்பருகே கடுகளவு வெளிர்பச்சை தெரிவதால், அதைத் தனியே ஒரு கண்ணாடிப் புட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைத்திருக்கிறோம்.