அதியமான் நெல்லிக்கனியும் ஆண்மை ஊசியும்

தருமபுரிக்காரர்களுக்கு ஆயுளை நீட்டிக்கும் மருந்து என்றதும் ஞாபகம் வருவது நெல்லிக்கனிதான். அப்போது தகடூர் எனப்பட்ட இந்த ஊரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, எளிதில் கிடைக்காத மலை நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்தான். புறநானூற்றின் 91ஆம் பாட்டு அதற்கு ஔவை பாடிய வாழ்த்து. அந்தக் கொடையைப் பற்றி நாம நிறையப் பேசியிருக்கோம். கனி நிஜமாவே வேலை செஞ்சுதா என்று யாரும் கேட்பதில்லை. கதைக்கு அந்தக் கேள்வி தேவையும் இல்லை.

ஆனால் மருந்துக்குத் தேவை. இளமை, ஆண்மை என்ற பெயரில் விற்கப்படும் டெஸ்டோஸ்டிரோன் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைக்கவே 134 வருஷம் ஆச்சு.

கணக்கு 1889 ஜூன் மாதம் பாரிஸில் தொடங்குகிறது. நம்ம ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போன அதே மொரீஷியஸில் பிறந்தவர் பிரவுன்-செக்கார். நரம்பியலில் பெரிய பெயர். 72 வயதில் நாய், கினிப்பன்றி விரைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டார். உடம்பில் பலம் வந்தது, பல மணி நேரம் நின்று வேலை செய்ய முடிகிறது, மலச்சிக்கல்கூடத் தீர்ந்தது என்று விஞ்ஞானிகள் சபையில் அறிவித்தார். பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் இருந்தது. 2002இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதே முறையில் சாறு எடுத்துப் பார்த்தபோது, அதில் இருந்த ஹார்மோன் எந்தப் பலனும் தர முடியாத அளவுக்குச் சொற்பம். அவரைத் தெம்பாக்கியது அவருடைய நம்பிக்கைதான்.

1920களில் வொரோனாஃப் என்ற மருத்துவர் குரங்கு விரைத் துண்டுகளைப் பணக்காரர்களுக்கு ஒட்டவைத்தார். அதுவும் இப்படித்தான் ஓடி அடங்கியது. நிஜமான பொருள் கையில் கிடைத்தது 1935இல். ஆம்ஸ்டர்டாமில் லாக்கர் குழுவினர் சுமார் 100 கிலோ காளை விரைகளிலிருந்து வெறும் 10 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தார்கள். அதே வருஷம் புட்டேனன்ட்டும் ருசிக்காவும் அதைச் செயற்கையாகத் தயாரித்தார்கள்.

அதன்பின் மருந்து விற்பனை வளர்ந்தது. ஆராய்ச்சி பின்னாலேயே நடந்து வந்தது. 65 வயது தாண்டிய, நடமாட்டம் குறைந்த ஆண்களிடம் நடந்த ஒரு சோதனையில் இதயப் பிரச்சினைகள் கூடியதால் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். அந்த முடிவு 2010இல் வெளியானது. 2015இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கை சேர்க்கச் சொன்னதோடு, ஒழுங்காக ஆராய்ந்து காட்டுங்கள் என்று கம்பெனிகளிடம் கேட்டது. அதன் விளைவுதான் 2023இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வு.

அதில் 5,200க்கும் மேற்பட்ட ஆண்கள். வயது 45 முதல் 80. எல்லோருக்கும் ஹார்மோன் குறைவு, இதய நோயோ அதற்கான அபாயமோ உண்டு. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் மூன்றும் சேர்த்து நிஜ மருந்து பூசியவர்களில் 7.0 சதவீதம், வெறும் ஜெல் பூசியவர்களில் 7.3 சதவீதம். அதாவது பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் இதயத்துடிப்பு தாறுமாறாவது, நுரையீரலில் ரத்தக்கட்டி, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை நிஜ மருந்து பூசியவர்களுக்குச் சற்று அதிகம். எலும்பு உறுதியாகும் என்று எதிர்பார்த்த இடத்தில் எலும்பு முறிவும் கூடியது.

சராசரிக் கண்காணிப்பு 33 மாதம்தான். பாதிக்கும் மேற்பட்டோர் நடுவிலேயே மருந்தை நிறுத்திவிட்டார்கள். 25 வயதில் தொடங்கி இருபது வருஷம் ஊசி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஆய்வில் பதில் கிடையாது.

ஜிம்முக்குப் போகும் நம்ம பையன்களுக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் மூளை 'போதும்' என்று முடிவுகட்டி, விரைகளுக்கு அனுப்பும் சமிக்ஞையைக் குறைத்துவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்தது. 1990இல் வெளியான அந்த ஆய்வில் வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு விந்தணுவே இல்லாமல் போனது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். ஆண்மைக்கு என்று போடும் ஊசி கருத்தடை ஊசியாக வேலை செய்கிறது. குழந்தைக்காகக் காத்திருக்கும் வீட்டில் இது விளையாட்டு இல்லை.

மருந்தைக் குறை சொல்லவில்லை. பிட்யூட்டரி கட்டி, விரை பாதிப்பு, கிளைன்ஃபெல்டர் குறைபாடு போன்றவற்றால் ஹார்மோன் சுரக்காதவர்களுக்கு இது நிஜமான சிகிச்சை. அப்படியா என்று தெரிந்துகொள்ள, காலையில் வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாள் ரத்தப் பரிசோதனை வேண்டும். தொடங்கினால் ரத்த அணு அளவு, ரத்த அழுத்தம், புராஸ்டேட் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதையெல்லாம் கேட்காமல் ஊசியை நீட்டுகிறவர் டாக்டராக இருந்தாலும் சரி, ஜிம் மாஸ்டராக இருந்தாலும் சரி, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். 'போட்டதும் தெம்பா இருக்குப்பா' என்று கூட்டாளி சொல்வது சாட்சி ஆகாது. பிரவுன்-செக்காரும் அதையேதான் சொன்னார்.