இணைய ஆபாசக் காட்சிப் பழக்கம்: உந்துதலும் சுயகட்டுப்பாடும்

இணையத்தில் ஆபாசக் காட்சிகளைப் பார்ப்போர் யாவரும் நோயாளிகள் அல்லர். நிறுத்திவிட வேண்டுமென்று தாமே பன்முறை தீர்மானித்தும் நிறுத்த மாட்டாமல், உத்தியோகமும் படிப்பும் இல்லறமும் உறக்கமும் கெடுவதைக் கண்ணாரக் கண்டும், மீண்டும் அதிலேயே சென்று விழுகின்ற நிலைமையையே மனநோய் வைத்தியர்கள் சிகிச்சைக்குரியதாகக் கொள்வர். உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்று, 2022 சனவரி முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப் பகுப்பின் பதினோராம் பதிப்பு, இதனைக் கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாற்றினுள் அடக்கி, சூதாட்டத்தோடு சேர்க்காமல், தீ வைக்கும் வெறி, களவு வெறி முதலிய உந்துதற் கோளாறுகளின் வரிசையில் வைத்திருக்கின்றது. அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கமோ 2013 இல் வெளியிட்ட தன் கைந்நூலில் இத்தகைய கோளாறு எதற்கும் இடமளிக்கவில்லை.

உந்துதல் என்பது பின்விளைவைச் சிந்தியாமல் உடனே செயற்படத் தூண்டும் சுபாவம். அதனை அளக்க ஏர்னஸ்ட் பராட் வகுத்த வினாத்தாள் ஒன்று உண்டு. கவனம் நிலையாமை, செயலில் அவசரம், முன்யோசனையின்மை என்ற மூன்றையும் அது தனித்தனியே கணக்கிடும். ஆய்வுகூடத்தில் வேறொரு முறை: கணினித் திரையில் அம்புக்குறி தோன்றியதும் அது காட்டும் பக்கத்து விசையை அழுத்த வேண்டும்; இடையிடையே, அம்பு தோன்றிக் கண்ணிமைக்கும் பொழுதுக்குள் ஓர் ஒலி எழும்; எழுந்தால், இறங்கத் தொடங்கிய விரலை அந்தரத்திலேயே நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவதற்கு ஒருவருக்கு எவ்வளவு நேரம் தேவைப்படுகிறதென்பதே அவருடைய அடக்கும் ஆற்றலின் அளவாகும்.

அவசரக்காரனே இப்பழக்கத்துக்கு அடிமையாவான் என்று எளிதில் எண்ணத் தோன்றும். ஆயினும், ஹங்கேரியில் பேயாட்டா பேத்தேயும் சகாக்களும் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2019 இல் வெளியிட்ட முடிபின்படி, பொதுவான உந்துதற் சுபாவத்துக்கும் இப்பழக்கத்தின் கடுமைக்கும் இடையிலுள்ள தொடர்பு வலுவற்றது. ஜெர்மானியரான மத்தியாஸ் பிராண்டும் சகாக்களும் 2016 இல் விரித்துரைத்த கோட்பாடு இதற்கு நல்ல விளக்கம் தருகின்றது: ஏனைய வேளைகளில் நிதானமாக நடப்பவரும், மனம் சோர்ந்திருக்கையில் பழகிய தூண்டல் எதிர்ப்பட்டால், அக்கணத்தில் எழும் வேட்கையினால் தடுக்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றார். குற்றம் சுபாவத்தினது என்பதைவிடச் சந்தர்ப்பத்தினது என்பதே பொருந்தும். கொழும்பின் பொரளையில் போர்டிங் அறையொன்றில் தனித்திருக்கும் இளைஞனுக்கு, பகல் டேட்டா தீர்ந்த பின்னர் நள்ளிரவுக்குமேல் இரவு டேட்டா மிஞ்சியிருக்குமாயின், களைப்பும் தனிமையும் மலிவும் ஒரே நாழிகையில் வந்து கூடுகின்றன.

பொரளையைக் குறிப்பிடுவதற்கு வேறொரு நியாயமும் உண்டு. கின்சி வீதியில் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடமும், கொட்டா வீதியில் ஆயுர்வேத வைத்தியசாலையும் அமைந்துள்ள பகுதி இது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றையும் கற்பிக்கவென 1929 இல் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரியும் இங்கேதான் பிறந்தது. அச்சுதேச வைத்திய மரபிலும் காணப்படும், சுக்கிலம் வீணானால் தேகமும் புத்தியும் நலியும் என்ற பழைய தாது நம்பிக்கையால் அஞ்சி வைத்தியரை நாடுவோரைப் பற்றிப் பத்மல் டி சில்வாவும் திசாநாயக்கவும் 1989 இல் இலங்கை ஆய்வொன்றை வெளியிட்டனர். அத்துல சுமதிபாலவும் சகாக்களும் 2004 இல், அவ்வச்சம் கீழைத்தேயத்துக்கே உரியதன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் பரவியிருந்ததே என்று காட்டினர். இவ்வச்சத்தின் சாயல் இன்றைய பழக்கத்திலும் படிந்திருக்கின்றது. தாம் பாவமெனக் கருதுவதைச் செய்பவர், சிறிதளவே பார்த்தாலும் தம்மை அடிமையென்று எண்ணிக்கொள்வதை அமெரிக்கரான ஜோசுவா கிரப்ஸ் ஆராய்ந்துள்ளார். முற்றிலும் ஒழுக்கக் கண்டனத்தினால் மாத்திரம் விளையும் மனவேதனை நோய் நிர்ணயத்துக்குப் போதாதென்று உலகச் சுகாதார நிறுவனமும் விதித்திருக்கின்றது. பாலியற் சொல்லைக் கூகுளில் தேடுவதில் இலங்கை முதலிடமெனப் பத்திரிகைகள் அடிக்கடி எழுதும் செய்தியும் இவ்வச்சத்தையே வளர்க்கின்றது. அக்கணக்கு மொத்தத் தேடல்களில் ஒரு சொல்லின் பங்கைக் காட்டுவதேயன்றித் தலைக்கணக்கன்று. 

சுயகட்டுப்பாடு என்றதும் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணத்தை அமுக்குவதென்றே பலரும் கருதுவர். அமுக்கிய எண்ணம் முன்னிலும் பலமாக மீளும் என்பதை டானியல் வெக்னர் 1987 இல், வெண்கரடியை நினையாதிருக்குமாறு மாணவரைப் பணித்து நிரூபித்தார். இலங்கையிலிருந்து சென்று இலண்டனில் பணிபுரிந்த மேற்சொன்ன பத்மல் டி சில்வா, பௌத்தப் பாளி நூலான மஜ்ஜிம நிகாயத்து விதக்கசண்டான சூத்திரத்தில் வேண்டா எண்ணங்களுக்குக் கூறப்பட்ட ஐந்து உபாயங்களை நவீன நடத்தைச் சிகிச்சையோடு ஒப்பிட்டு எழுதினார். தச்சன் மெல்லிய ஆப்பால் பருத்த ஆப்பை அடித்தெடுப்பதுபோல நல்லெண்ணத்தால் தீயெண்ணத்தைப் பெயர்த்தல் அங்கே முதலில் நிற்க, பல்லைக் கடித்து அடக்குதல் கடைசியில் நிற்கின்றது. வேறெதுவும் பலிக்காதபோதே அது விதிக்கப்படுகின்றது.

அமெரிக்காவில் 2016 இல் வெளியான ஆய்வொன்றில், மாணவர் சிலர் மூன்று வாரம் ஆபாசக் காட்சிகளையும், வேறு சிலர் தமக்குப் பிரியமான உணவையும் துறந்தனர். காட்சியைத் துறந்தவரே, இன்று கிடைக்கும் சிறுதொகையைவிட நாளை வரும் பெருந்தொகைக்குக் காத்திருக்கக் கூடுதலாக இசைந்தனர். வேட்கையை எதிர்த்துப் போராடாமல் அதனைக் கவனித்துக் கடந்துபோகப் பயிற்றும் ஏற்புச் சிகிச்சை முறையை ஆய்வாளரான க்ராஸ்பியும் ட்வோஹிக்கும் 28 ஆடவரிடம் பரிசோதித்தபோது, பார்க்கும் நேரம் 93 வீதம் குறைந்தது. சிகிச்சைக்காகக் காத்திருந்தோரிடம் 21 வீதமே குறைந்தது. பங்குபற்றியோர் தொகை சிறிது, பெண்கள் ஒருவருமிலர். மதுப்பழக்கத்துக்கு வழங்கும் நால்ட்ரெக்சோன் மருந்தையும் சிலர் இதற்குக் கொடுத்துப் பார்த்திருக்கின்றனர்; கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துறங்குமாறு கூறும் எளிய யோசனைக்கு மருந்துச் சீட்டும் வேண்டியதில்லை.