ஐயாயிரம் ஆண்டு நடனமும் எழுபது ஆண்டுப் பாடத்திட்டமும்

அரூர் பக்கம் விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவரைச் சீனச் செவ்வியல் நடன அரங்கில் உட்காரவைத்தால் அதிகம் திகைக்கமாட்டார். கையிலிருக்கும் சவுக்கே குதிரையாகும். நாலு எட்டு வைத்தால் நாடு கடந்தாயிற்று. சட்டைக் கையிலிருந்து வழியும் வெள்ளைப் பட்டு கோபத்தையும் நாணத்தையும் சொல்லிவிடும். இதெல்லாம் அவருக்குப் பழகிய கணக்குதான். திகைக்கவேண்டியது, அறிவிப்பாளர் சொல்லும் வயதுக்குத்தான்: ஐயாயிரம் ஆண்டு மரபு!

பழைய சீனாவில் நடனம் செழித்தது உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு வெளியூர்ச் சரக்கு. 568இல் துருக்கிய இளவரசி ஒருத்தி வட சூ மன்னருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவளோடு கூச்சா நகரத்து இசைக்காரர்களும் வந்து இறங்கினார்கள். அவர்களில் சுஜீவா என்பவர் கற்றுத்தந்த ஏழு பண்களின் பெயர்களில் சமஸ்கிருத வாடை அடிக்கிறது. பின்னர் வந்த சுயி மன்னர்கள் அரண்மனை இசையை ஒன்பது பிரிவாக வகுத்தபோது இந்தியாவுக்கென்றே ஒரு பிரிவை ஒதுக்கினார்கள். பட்டுப்பாதையில் ஒட்டகம் ஓட்டிய சோக்திய வணிகர்கள் வழியே நின்ற இடத்தில் சுழன்றாடும் ஆட்டம் வந்தது. அடுத்து வந்த தாங் அரசின் தலைநகர் சாங்கானே அதற்குக் கிறுக்குப் பிடித்து அலைந்தது. அந்த ஆட்டத்தில் பேர்போன பருத்த உடம்புக்காரர் ஆன் லூஷான் என்ற தளபதி. அவர்தான் 755இல் கலகம் செய்து அரசையே ஆட்டிவைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 'பிராமணர் மெட்டு' என்று வழங்கிய ஓர் இசைக்கு 'வானவில் பாவாடை, இறகு மேலாடை' என்று பெயர் மாற்றியிருந்தார் பேரரசர் ஷுவான்சோங். அவருடைய காதலி யாங் குவேஃபெய் ஆடியதாகக் கதைகள் கொண்டாடும் நடனம் அதற்குரியதுதான்.

கலகத்துக்குப் பின் சீனாவில் பல ஆட்டங்கள் மறைந்தன. நகலெடுத்த ஜப்பான் சிலவற்றைப் பத்திரப்படுத்தியது. 736இல் சீனா வழியாக அங்கே போன தென்னிந்தியத் துறவி போதிசேனர்தான் 752இல் நாராவின் பெரிய புத்தருக்குக் கண்திறந்தவர். அவரோடு போன சம்பா நாட்டுத் துறவி கற்றுக்கொடுத்ததாகச் சொல்லப்படும் முகமூடி ஆட்டங்கள் ஜப்பானிய அரண்மனை மரபில் இன்றும் உண்டு.

சீனாவிலோ தனி நடனம் மெல்ல நாடகத்துக்குள் கரைந்தது. குவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கட்டி, 1281இல் தமிழில் கல்வெட்டும் பொறித்தார்கள். இந்தத் தொடர்பை வைத்து, சீன நாடகமே நம் பக்கத்திலிருந்து கடல்வழியாகப் போனதுதான் என்று வாதிட்டவர்களும் உண்டு. எனக்கு அது ஆசைக் கணக்காகத்தான் படுகிறது.

1924இல் பெய்ஜிங் போன தாகூர், பெண் வேடத்தில் புகழ்பெற்ற மெய் லான்ஃபாங்கின் நாடகத்தைப் பார்த்து, அவருக்கு விசிறியில் கவிதை எழுதிக் கொடுத்தார். 1935இல் அதே மெய்யை மாஸ்கோவில் பார்த்த ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட், தன் நாடகக் கொள்கைக்கே அதிலிருந்து தீனி எடுத்துக்கொண்டார்.

இன்று நாம் பார்க்கும் 'செவ்வியல் நடனம்' பிறந்தது இதற்கும் பிறகு. 1950களின் தொடக்கத்தில், நாடக நடிகர்களின் நடை, கை, கண் அசைவுகளைப் பாடமாக வகுத்ததில் பெரும்பங்கு சோய் சுங்ஹீ என்ற கொரியப் பெண்மணியுடையது. 1954இல் தொடங்கிய பெய்ஜிங் நடனப் பள்ளியின் முதல் முதல்வர் தாய் ஐலியன், மேற்கிந்தியத் தீவான டிரினிடாடில் பிறந்து லண்டனில் பாலே படித்தவர். சோவியத் ஆசிரியர்களும் வந்து சேர்ந்தார்கள். இதைக் கேட்டுச் சிரிக்க நமக்கு உரிமையில்லை. சதிரைப் பரதநாட்டியமாக மாற்றியமைத்து 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவியும், பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவைப் பார்த்து முதலில் பாலே கற்கப் போனவர்தான்.

1979இல் கான்சு மாகாணக் கலைஞர்கள் துன்ஹுவாங் குகை ஓவியங்களில் உறைந்திருந்த நிலைகளுக்கு அசைவு கொடுத்து, 'பட்டுப்பாதையில் மலர்மழை' என்ற நாட்டிய நாடகத்தை மேடையேற்றினார்கள். வளைந்த இடுப்பு, வெறுங்கால், தோளில் பறக்கும் பட்டு என்று அதைப் பார்த்து ஆடிய குழுக்கள் ஏராளம். நியூயார்க் மாநிலத்தில் 2006இல் தொடங்கிய ஷென் யுன் நடனக் குழு, சீனா தடைசெய்த ஃபாலுன் கோங் இயக்கத்தாருடையது. அதுவும் இந்த மரபுக்கு உரிமை கொண்டாடித்தான் உலகெங்கும் டிக்கெட் விற்கிறது.

தன் நடனத்தைக் கட்டியெழுப்பிய அதே காலத்தில் சீனா பிறர் நடனங்களைக் கற்கவும் 1962இல் ஒரு குழுவை அமைத்தது. அதிலிருந்த ஜாங் ஜுன் பரதநாட்டியம் கற்றார். அவருடைய மாணவி ஜின் ஷான்ஷான், பரதக் கலைஞர் லீலா சாம்சனிடமும் பயின்று 1999இல் டெல்லியில் ஆடினார். 2024 ஆகஸ்டில் ஜின்னின் 13 வயது மாணவி பெய்ஜிங்கில் அரங்கேறினாள். சீன ஆசிரியரிடம் கற்றவர் சீன மண்ணிலேயே நிகழ்த்திய முதல் பரதநாட்டிய அரங்கேற்றம் அது.