டிரான்சிஸ்டர்: ஒரு விரலும் ஒரு விளக்கும்

டிரான்சிஸ்டர் என்றால் நம் ஊர்ப்பக்கம் வெகுகாலம் ரேடியோ என்றுதான் பொருள். வயல் வரப்பிலும் டீக்கடைப் பலகையிலும் பாடிக்கொண்டிருந்த பெட்டிக்கு, அதன் வயிற்றுக்குள் இருந்த சில சின்னஞ்சிறு உறுப்புகளின் பெயரே நிலைத்துவிட்டது. சினையாகுபெயருக்கு இதைவிட நல்ல நவீன உதாரணம் கிடைப்பது கடினம். 1954-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் ரேடியோவான ரீஜன்ஸி டி.ஆர்.-1-ல் இருந்தவை நான்கே டிரான்சிஸ்டர்கள். இன்று சட்டைப்பையில் இருக்கும் கைபேசியின் சில்லில் பல நூறு கோடி இருக்கின்றன. அவற்றின் தோளில் ஏறி நின்று மென்பொருள் எழுதிப் பிழைக்கிற என் போன்ற பலருக்கு, ஒரே ஒரு டிரான்சிஸ்டரைக் கையில் எடுத்து வேலை வாங்கிப் பார்க்கும் வாய்ப்பு அமைவதில்லை.

பாடப்புத்தகம் சொல்வது எல்லோருக்கும் மனப்பாடம்: சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. உடனே தண்ணீர்க் குழாய் உவமையோ, வாய்க்கால் மதகு உவமையோ வரும். உவமையில் பிழையில்லை. ஆனால் மதகுப் பலகையைத் தூக்குவது யார், எப்படி என்பதை அது சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரு மாலைப்பொழுதும் சில்லறைக் காசும் போதும்.

9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்.இ.டி. விளக்கு, 470 ஓம் மின்தடை, 10 கிலோ ஓம் மின்தடை, பி.சி.547 டிரான்சிஸ்டர் இரண்டு, 1என்4148 டையோடு இரண்டு, பிரெட்போர்டு, கொஞ்சம் கம்பி. இவ்வளவுதான். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு 2என்3904 டிரான்சிஸ்டர் எளிதில் அகப்படும், அதுவும் சரியே. ஆனால் கால்களின் வரிசையைக் கவனிக்க வேண்டும். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், பி.சி.547-ல் இடமிருந்து வலமாக ஏற்பான், அடிவாய், உமிழ்ப்பான். 2என்3904-ல் இது அப்படியே தலைகீழ்.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து 470 ஓம் மின்தடை, அதன்பின் எல்.இ.டி. (நீண்ட கால் நேர்முனைப் பக்கம்), அங்கிருந்து டிரான்சிஸ்டரின் ஏற்பான். உமிழ்ப்பான் பேட்டரியின் எதிர்முனைக்கு. அடிவாயில் 10 கிலோ ஓம் மின்தடையை வைத்து அதன் மறுமுனையில் ஒரு வெற்றுக் கம்பி. பேட்டரியின் நேர்முனையிலிருந்து இன்னொரு வெற்றுக் கம்பி. இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே இருக்கட்டும். இப்போது விளக்கு எரியாது. இரண்டையும் சேர்த்து ஒரு விரலால் அழுத்துங்கள், எரியும். (பேட்டரியில் மட்டுமே செய்ய வேண்டிய சோதனை இது. சுவர் மின்சாரத்தின் பக்கம் இதைக் கொண்டுபோகவே கூடாது.)

இனிக் கொஞ்சம் கணக்கு. உலர்ந்த விரலின் மின்தடை ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும். ஏறத்தாழ ஒரு மெகா ஓம் என்று வைத்துக்கொள்வோம். அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே 0.6 வோல்ட் போக மீதி 8.4 வோல்ட். ஆக, விரல் வழியே செல்வது சுமார் 8 மைக்ரோ ஆம்பியர். இதை நேரடியாக எல்.இ.டி.க்குக் கொடுத்தால், இருட்டறையில் உற்றுப் பார்த்தால் ஒழிய எதுவும் தெரியாது. டிரான்சிஸ்டரின் பெருக்கம் 300 என்றால் ஏற்பானில் 2.4 மில்லி ஆம்பியர் ஓடும். அது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். இந்தப் பெருக்கம் நிலையான எண் அல்ல. பி.சி.547-லேயே ‘பி’ வகைக்கு 200 முதல் 450 வரை இருக்கலாம் என்றுதான் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ஒரே பையில் வாங்கிய இரண்டு ஒன்றுபோல இருக்காது.

விரலை நனைத்துத் தொட்டால் வெளிச்சம் கூடும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் போகாது. 470 ஓம் மின்தடை அனுமதிப்பது ஏறக்குறைய 15 மில்லி ஆம்பியர்தான். பெருக்கம் என்ற சொல் தரும் மயக்கம் இங்கே தெளிந்துவிடும். டிரான்சிஸ்டர் எதையும் உற்பத்தி செய்வதில்லை. செலவாவது பேட்டரி.

இனி வருவதுதான் இந்தச் சோதனையின் சாரம் என்று நான் நினைக்கிறேன். மல்டிமீட்டரால் டிரான்சிஸ்டரைச் சோதித்தால், அடிவாயில் முதுகோடு முதுகு சேர்ந்த இரண்டு டையோடுகளைப் போலத்தான் அது காட்டும். பல புத்தகங்களிலும் அப்படியே படம் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டு இரண்டு 1என்4148 டையோடுகளை வைத்தால் என்ன? கோடு போடாத முனைகளிரண்டையும் முறுக்கி அடிவாயாக்கி, கோடு போட்ட முனைகளில் ஒன்றை எல்.இ.டி.க்கும் மற்றதைப் பேட்டரியின் எதிர்முனைக்கும் கொடுங்கள். விரலை எவ்வளவு நனைத்துத் தொட்டாலும் விளக்கு எரியாது. மீட்டருக்கு ஒன்றாகத் தெரிந்தவை வேலையில் ஒன்றாக இல்லை.

காரணம் நடுவில் இருக்கிறது. பழைய வீடுகளின் ரேழியை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் கல்யாணக் கூட்டம். உள்ளே முற்றத்தில் பந்தி. ரேழி நாலு தப்படி நீளம்தான் என்றால், நுழைந்தவர்களில் அநேகமாக எல்லோரும் நேராக முற்றத்தில் போய் விழுவார்கள். முந்நூறில் ஒருவர் மட்டும் ரேழியில் உட்கார்ந்துவிடுவார். வாசல் கூட்டம் உமிழ்ப்பானில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் எலெக்ட்ரான்கள். ரேழி அடிவாய். முற்றம் ஏற்பான். அடிவாய்ப் படலம் மிக மெல்லியது, ஒரு மைக்ரானோ அதற்கும் குறைவோ. அதில் எலெக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும் துளைகளும் குறைவு. கடந்து வந்துவிட்ட எலெக்ட்ரானை மறுபக்கத்து மின்புலம் ஏற்பானுக்குள் இழுத்துக்கொள்கிறது.

ரேழியில் உட்கார்ந்தவர்களை அப்படியே விட்டால் அவர்களே வழியை அடைத்துக்கொள்வார்கள். அடிவாயில் எதிர்மின்னூட்டம் சேர்ந்து, புதிய எலெக்ட்ரான்களை உமிழ்ப்பானிலிருந்து வரவிடாது. அவர்களை எழுப்பிப் பக்கவாட்டுக் கதவு வழியாக அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பக்கவாட்டுப் போக்கும் சேர்ந்ததுதான் அடிவாய் மின்னோட்டம். (மின்னோட்டத்தின் திசை என்று நாம் எழுதுவது எலெக்ட்ரான் போகும் திசைக்கு எதிர் என்பதை நினைவில் கொள்ளவும். அந்தக் குழப்பம் எலெக்ட்ரானைக் கண்டுபிடிக்கும் முன்பே தொடங்கியது.) நம் விரல் செய்யும் வேலை, முந்நூறு பேர் உள்ளே போக ஒருவரை எழுப்பிவிடுவது. இரண்டு தனி டையோடுகளிலோ ரேழி மைல் கணக்கில் நீளம். நடுவில் கம்பி வேறு. உள்ளே நுழைந்த எந்த எலெக்ட்ரானும் முற்றத்தைப் பார்ப்பதில்லை.

இந்த மெல்லிய இடைவெளிதான் கண்டுபிடிப்பின் கதையும். 1947 டிசம்பரில் நியூஜெர்சியில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டெய்னும் ஒரு பிளாஸ்டிக் ஆப்பின் மேல் தங்க இழையை ஒட்டி, அதன் நுனியைச் சவர பிளேடால் கீறி, கிடைத்த இரு முனைகளையும் ஜெர்மேனியத்தின் மேல் அழுத்தினார்கள். முனைகளுக்கிடையே தூரம் சுமார் 0.05 மில்லிமீட்டர். அதைவிட மிகவும் அகன்றிருந்தால் அந்த மாலையில் ஒன்றும் நடந்திருக்காது. அவர்களுடைய காப்புரிமையில் தன் பெயர் இல்லாத மனத்தாங்கலில் இருந்த வில்லியம் ஷாக்லி, அடுத்த சில வாரங்களில் மூன்று அடுக்கு டிரான்சிஸ்டரைக் காகிதத்தில் உருவாக்கினார். அது கருவியாக வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது 1951-ல். நம் கையிலிருக்கும் பி.சி.547 அந்த வம்சம்தான். மூவருக்கும் 1956-ல் நோபல் பரிசு கிடைத்தது. டிரான்சிஸ்டர் என்று பெயர் வைத்தவர் அதே ஆய்வுக்கூடத்தின் ஜான் பியர்ஸ். புனைபெயரில் அறிவியல் கதைகளும் எழுதியவர். பெயர் நன்றாக அமைந்ததில் வியப்பில்லை!

கைபேசிச் சில்லில் இருப்பது இந்த வகை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது மாஸ்ஃபெட் என்ற வேறு குடும்பம். அங்கே வாயிலுக்குக் கொடுக்கும் மின்னழுத்தமே வழியைத் திறக்கும், மூடும். தொடர்ந்து மின்னோட்டம் தர வேண்டியதில்லை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது பி.சி.547 இன்னும் மேசையில் இருக்கிறது. முதல் டிரான்சிஸ்டரின் உமிழ்ப்பானைப் பேட்டரியிலிருந்து கழற்றி, இரண்டாவதன் அடிவாயில் செருகுங்கள். இரண்டாவதன் உமிழ்ப்பான் பேட்டரியின் எதிர்முனைக்கு. ஏற்பான்கள் இரண்டும் ஒன்றாக எல்.இ.டி.க்கு. இப்போது முந்நூறு மடங்கின்மேல் முந்நூறு மடங்கு. 1953-ல் பெல் ஆய்வுக்கூடத்தின் சிட்னி டார்லிங்டன் காப்புரிமை பெற்ற இணைப்பு இது. உலர்ந்த விரல் லேசாகப் பட்டாலே விளக்கு முழு வெளிச்சத்தில் எரியும். கம்பிகள் இரண்டையும் பூந்தொட்டி மண்ணில் செருகினால் ஈரம் இருக்கும்வரை எரியும். மண் நன்றாகக் காய்ந்தால் மங்கும். அப்படியே நாள்கணக்கில் விட்டுவைக்க வேண்டாம். நேர்முனைக் கம்பி மண்ணுக்குள் அரித்துப்போகும்.