தலைக்குள் ஓர் ஆலை

1791 டிசம்பர் 5-ஆம் தேதி அமெரிக்க நிதி அமைச்சர் ஹாமில்டன் தன் தொழில் அறிக்கையை காங்கிரஸ் முன் வைத்ததோடு சென்ற வாரம் நிறுத்தினோம். இந்த வாரம் 1816-ஆம் ஆண்டின் காப்பு வரிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அந்த அறிக்கையில் ஓர் இடம் இருக்கிறது. எந்திரத்தால் பஞ்சு நூற்கும் ஆலையை முதலில் கொண்டுவந்த பெருமை பிராவிடன்ஸ் நகரத்தாரைச் சேரும் என்று ஹாமில்டன் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். அந்த ஆலையை நிறுவிக் காட்டியவருக்கு அப்போது வயது 23. அறிக்கையில் அவர் பெயர் இல்லை. அவரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

சாமுவேல் ஸ்லேட்டர். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் பெல்பர் என்ற ஊர், விவசாயி மகன். அப்பா இறந்த பிறகு, பதினான்கு வயதில் ஜெடடையா ஸ்ட்ரட்டின் மில்ஃபோர்டு ஆலையில் பயிற்சிப் பையனாகச் சேர்ந்தான். ஸ்ட்ரட், ஆர்க்ரைட்டின் கூட்டாளி. ஆர்க்ரைட் என்ற பெயரைக் கேட்டாலே அன்றைய நெசவு உலகம் நிமிர்ந்து உட்காரும். வெவ்வேறு வேகத்தில் சுழலும் உருளை ஜோடிகளுக்கு நடுவே பஞ்சை இழுத்து மெலிதாக்கி, முறுக்கேற்றி, ஆற்றுநீரின் வேகத்தில் நூலாக்கும் எந்திரம் அவருடையது. பாவுக்குத் தாங்கும் உறுதியான பருத்தி நூல் ஐரோப்பாவில் எந்திரத்தில் கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

ஆறரை வருட ஒப்பந்தம். பையன் நூல் அறுந்த இடத்தில் முடிச்சுப் போடுவதோடு நின்றுவிடவில்லை. எந்தப் பல்சக்கரம் எதோடு சேர்கிறது, ஏன் நிற்கிறது, யாரை எங்கே நிறுத்தினால் வேலை ஓடும் என்று எல்லாவற்றையும் பார்த்து வைத்தான். கடைசி வருடங்களில் ஆலையை மேற்பார்வை பார்க்கும் அளவுக்கு உயர்ந்தான்.

இங்கிலாந்து இந்தத் தொழிலைப் பூட்டி வைத்திருந்தது. எந்திரம் வெளியே போகக் கூடாது, மாதிரியோ வரைபடமோ போகக் கூடாது, வேலை தெரிந்த ஆள் கப்பலேறவும் கூடாது. சுதந்திரம் வாங்கிப் பத்து வருடம்கூட ஆகாத அமெரிக்காவோ, அந்த எந்திரம் செய்து தருகிறவருக்குப் பரிசு என்று அறிவித்துக்கொண்டிருந்தது. அந்தச் செய்தி டெர்பிஷயர் வரை வந்தது. 1789 செப்டம்பரில், அம்மாவிடம்கூட முன்கூட்டிச் சொல்லாமல், பண்ணையாள் போல உடுத்திக்கொண்டு லண்டனில் கப்பலேறினார் ஸ்லேட்டர். கையில் ஒரு வரைபடமும் இல்லை. பயிற்சி முடித்ததற்கான ஒப்பந்தப் பத்திரத்தை மட்டும் ஒளித்து எடுத்துப் போனார் என்பார்கள். மற்றதெல்லாம் தலைக்குள் இருந்தது.

பெல்பரில் அவருக்குத் துரோகி என்ற பெயர் பிறகு நிலைத்துவிட்டது. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆறரை வருடம் உழைத்து ஒருவன் கையில் ஏறிய வேலை அவனுடையது. அதற்கு எந்த அரசாங்கமும் பூட்டுப் போட உரிமை கிடையாது. அதுவும் எந்த அரசாங்கம்? சோழமண்டலக் கரையின் அச்சுத்துணியும் சீட்டித்துணியும் லண்டன் பெண்களுக்குப் பிடித்துப்போனதால், உள்ளூர் நெசவைக் காக்க 1700-லும் 1721-லும் சட்டம் போட்டு நம் துணியைத் தடுத்த அரசாங்கம். அந்தச் சட்டங்களின் நிழலில்தான் லங்காஷயரின் பருத்தித் தொழில் வளர்ந்தது.

நவம்பரில் நியூயார்க். அங்கே ஓர் ஆலையில் சில வாரம் வேலை பார்த்தார்; தண்ணீர் விசை இல்லாத, பழைய கருவிகள் கொண்ட இடம். ரோட் ஐலண்டில் மோசஸ் பிரவுன் என்ற குவேக்கர் வணிகர் நூற்பு எந்திரங்களை வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டத் தெரியாமல் திண்டாடுகிறார் என்று கேள்விப்பட்டு அவருக்குக் கடிதம் போட்டார். பிரவுன் உடனே வரச்சொல்லிப் பதில் எழுதினார்.

பிராவிடன்ஸுக்குப் பக்கத்தில் பாடக்கெட், பிளாக்ஸ்டோன் ஆற்றங்கரை. பிரவுன் வைத்திருந்த எந்திரங்களைப் பார்த்ததும் இவை உதவாது என்று ஸ்லேட்டர் சொல்லிவிட்டார். உதவாத எந்திரத்துக்கு முட்டுக் கொடுத்து சம்பளம் வாங்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. புதிதாகச் செய்கிறேன், இங்கிலாந்து நூலுக்கு ஈடாக நூற்காவிட்டால் ஒரு காசும் வேண்டாம், எல்லாவற்றையும் பாலத்திலிருந்து ஆற்றில் வீசிவிடலாம் என்றாராம்.

இந்த இடத்தில் மூன்று பேரைச் சொல்லியாக வேண்டும். வரலாற்றுப் புத்தகங்கள் ஸ்லேட்டரைக் கொண்டாடிவிட்டு இவர்களை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகின்றன. ஸ்லேட்டர் வாயால் சொன்னதை மரத்தில் இழைத்தவர் சில்வானஸ் பிரவுன் என்ற தச்சர். இரும்பில் அடித்துக் கொடுத்தவர் ஒசியல் வில்கின்சன் என்ற கொல்லர். ஸ்லேட்டர் தங்கியதும் அவர் வீட்டில்தான். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் எந்திரத்துக்குத் தோலில் கம்பிப் பற்கள் பதித்துத் தந்தவர் மாசசூசெட்ஸின் லெஸ்டர் ஊரைச் சேர்ந்த பிளினி ஏர்ள்.

எல்லாம் பூட்டி முடித்து ஓடவிட்டால், கார்டிங்கில் பஞ்சு பிரியாமல் உருண்டு உருண்டு சுருண்டுகொண்டது. ஸ்லேட்டர் நொறுங்கிப்போனார். சொந்த நாட்டில் குற்றவாளி, வந்த நாட்டில் ஏமாற்றுக்காரன் என்ற பெயர் வந்துவிடுமோ என்று பயந்தார். கடைசியில் கோளாறு கம்பிப் பல்லின் வளைவில் இருந்தது. கையால் பஞ்சு சிக்கெடுக்கும் பலகையின் பற்களோடு வைத்துப் பார்த்து, வளைவைச் சரிசெய்தார்கள். பஞ்சு பிரிந்தது. கோவைப் பக்கம் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். கார்டிங் சரியில்லாமல் போன பஞ்சை எந்த ஸ்பின்னிங்கும் காப்பாற்றாது. ஆர்க்ரைட்டின் எந்திரம் அட்லாண்டிக்கைத் தாண்டிய நொடி கப்பல் கரை சேர்ந்த நொடி அல்ல, இதுதான் என்பேன்.

1790 டிசம்பர் 20. 72 கதிர்களோடு ஆலை ஓடத் தொடங்கியது. கதிர்களுக்கு முன்னால் நின்றவர்கள் ஒன்பது பேர். எல்லோரும் 7 முதல் 12 வயதுக்குள்ளான குழந்தைகள்.

நான் ஸ்லேட்டரை நேசித்து எழுதுகிறேன் என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் இந்த ஒன்பது பேரை ஒதுக்கிவிட்டு அவரை வீரராக்க என்னால் முடியாது. மில்ஃபோர்டில் தான் கண்ட முறையையே அவர் இங்கேயும் நட்டார். பிறகு குடும்பம் குடும்பமாக வேலைக்கு எடுத்தார்; கூலியில் ஒரு பகுதி கம்பெனிக் கடையின் சாமானாகவே கழிந்தது. குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி வைத்தார் என்பதும் உண்மை. வாரத்தின் மற்ற ஆறு நாளும் அவர்கள் ஆலையில் இருந்தார்கள் என்பதும் உண்மை. 1824-இல் பாடக்கெட் ஆலை முதலாளிகள் நெசவுப் பெண்களின் கூலியில் கால் பங்கைக் குறைத்து வேலை நேரத்தையும் நீட்டியபோது, அந்தப் பெண்கள்தான் வெளியே வந்து நின்றார்கள். அமெரிக்காவின் முதல் ஆலை வேலைநிறுத்தம் அது. முதல் ஆலை எழுந்த ஊரிலேயே நடந்தது.

மோசஸ் பிரவுனின் கதையும் இப்படித்தான் இரண்டாகப் பிளக்கிறது. 1773-இலேயே தன் அடிமைகளை விடுவித்து, அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடியவர். அவருடைய சொந்த அண்ணன் ஜான் பிரவுன் அடிமைக் கப்பல் விட்டவர். தம்பி தொடங்கிய தொழிலோ 1793-இல் எலி விட்னியின் பஞ்சு பிரிக்கும் எந்திரம் வந்த பிறகு, தெற்கத்திய அடிமைகள் பறித்த பருத்தியைத் தின்று கொழுத்தது. நல்ல மனிதர் ஒருவரின் முதலீடு, தான் வெறுத்த கொடுமைக்கே தீனி போட்டது.

இனி நியூஜெர்சிக்கு வாருங்கள். அங்கே ஹாமில்டன் கனவு கண்ட ஆலை நகரம் பேட்டர்சன். பசேயிக் ஆற்றின் பெரிய அருவி, 10 லட்சம் டாலர் வரை முதல் திரட்ட மாநிலத்தின் அனுமதி, வரிவிலக்கு, நகரத்தை வடிவமைக்க வாஷிங்டன் நகரின் வரைபடம் போட்ட லான்ஃபான். எது இல்லை? இருந்தும் 1796-இல் ஆலை மூடப்பட்டது. முதல் காரணம் வில்லியம் டூயர். பேட்டர்சனை அமைத்த நிறுவனத்தின் தலைமையில் இருந்துகொண்டே பங்குச் சூதாட்டத்தில் இறங்கி, 1792-ஆம் ஆண்டின் பீதியில் கவிழ்ந்து, கடன் சிறைக்குப் போனார். இந்தத் தொடரில் இதுவரை வந்தவர்களில் எனக்கு மன்னிக்கவே தோன்றாதவர் இவர்தான். ஆனால் டூயர் யோக்கியராக இருந்திருந்தாலும் பேட்டர்சன் திணறியிருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே பணம் வந்தது, சாசனம் வந்தது. கார்டிங் பல் ஏன் சுருட்டுகிறது என்று கண்டுபிடிக்கும் ஒரு ஸ்லேட்டரும், அவர் சொன்னதை அடித்துக் கொடுக்கும் ஒரு வில்கின்சனும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இல்லை.

அமெரிக்காவில் ஆலைகளைத் திரும்பக் கொண்டுவருவோம் என்ற இன்றைய முழக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பாடக்கெட்டும் பேட்டர்சனும்தான் நினைவுக்கு வருகின்றன. 1979-இல் அங்கே தொழிற்சாலைகளில் ஏறக்குறைய 1 கோடியே 95 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். இன்று அது 1 கோடியே 30 லட்சத்துக்கும் கீழே. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகளின் மீது 50 சதவீத வரி என்றதும் திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஆடிப்போயின. இந்தப் பக்கம் வேலை போகும்; சரி. அந்தப் பக்கம் கட்டிங், தையல், சாயம் என்று ஒரு ஊரே கற்றுவைத்த வேலையை யார் செய்வார்கள்? வரி ஒரே இரவில் ஏறிவிடும். கை பழகத் தலைமுறை வேண்டும். போன கைகள் திரும்பி வர, தச்சரும் கொல்லரும் கம்பி வளைப்பவரும் கூப்பிடு தூரத்தில் வேண்டும்.

பாடக்கெட்டில் அது நடந்தது. வில்கின்சனின் மகள் ஹன்னாவை ஸ்லேட்டர் மணந்தார். பருத்தியில் தையல் நூல் முறுக்கும் முறைக்கு அந்தப் பெண் 1793-இல் காப்புரிமை வாங்கினார் என்பார்கள். அவர் அண்ணன் டேவிட், இரும்பைக் கடையும் எந்திரங்களில் பெயர் எடுத்தார். ஸ்லேட்டரிடம் வேலை கற்றவர்கள் பக்கத்து ஆறுகளுக்குப் போய் சொந்த ஆலை போட்டார்கள். அப்போது அதிபர் ஜெஃபர்சனே அறியாமல் ஒரு உதவி செய்தார். 1807 டிசம்பரில் அவர் போட்ட கப்பல் தடையால் இங்கிலாந்துச் சரக்கு வருவது அருகியது. அந்த ஆண்டுக் கடைசியில் நாடு முழுக்க 15 ஆலைகள், 8,000 கதிர்கள். 1811-க்குள் கதிர்கள் 80,000 ஆகும் என்று நிதி அமைச்சர் காலட்டின் காங்கிரஸுக்குக் கணக்குக் கொடுத்தார். அடுத்து 1812-இல் இங்கிலாந்தோடு போர்.

1815-இல் போர் முடிந்தது. தேங்கிக் கிடந்த இங்கிலாந்துத் துணி நட்டத்துக்கும் விற்கத் தயாராக அமெரிக்கத் துறைமுகங்களில் வந்து குவிந்தது. ரோட் ஐலண்டின் சின்ன ஆலைகள் வரிசையாகப் படுத்தன. அவற்றின் முதலாளிகள் வாஷிங்டனுக்கு ஓடி, கடுமையான வரி கேட்டார்கள். அதே சமயம் பாஸ்டனிலிருந்து ஃபிரான்சிஸ் கேபட் லோவெலும் அங்கே வந்திருந்தார். ஸ்லேட்டரைப் போலவே இங்கிலாந்தில் பார்த்ததை மனதில் ஏற்றிக்கொண்டு வந்து, வால்தமில் விசைத்தறி நிறுவியவர். ஆனால் பெரும் பணக்காரர். அவர் கேட்ட வரி வேறு. பருத்தித் துணிக்கு 25 சதவீதம். ஆனால் எவ்வளவு மலிவான துணியானாலும் கெஜம் 25 சென்ட் என்று மதிப்பிட்டே வரி போட வேண்டும். கெஜம் 6 சென்ட்டுக்கு வாங்கிய இந்தியத் துணிக்கு 6.25 சென்ட் வரி, வாங்கிய விலைக்கு மேலே. இங்கிலாந்தின் உயர்ரகத் துணிக்கு இது பெரிதாக உறைக்காது. லோவெல் நெய்ததோ மலிவான முரட்டுத் துணி. சந்தையில் அவருக்கு நேர் போட்டி நம் துணிதான்.

1816-இல் அந்த வரி சட்டமானது. தென் கரோலினாவின் கால்ஹூன் அதை ஆதரித்துப் பேசினார். பின்னாளில் காப்பு வரியை எதிர்த்து நாட்டையே உடைக்கத் துணிந்த அதே கால்ஹூன். அடுத்த வாரம் அவரிடமிருந்து தொடங்குவோம்.