எண்பத்தோரு நாள் கழித்து வந்தவர்

ஏப்ரல் 15 வந்தால் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் எல்லா அணிக்காரர்களும் 42 என்ற ஒரே எண்ணை முதுகில் போட்டுக்கொண்டு ஆடுவார்கள். 1947இல் அதே தேதியில்தான் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். அறுபது வருஷத்துக்கும் மேலாகக் கறுப்பர்களுக்கு மூடிக்கிடந்த கதவு அது. ஜூலை 5க்கு அப்படி விழா எதுவும் கிடையாது. அன்று, 81 நாள் கழித்து, கிளீவ்லாண்ட் இண்டியன்ஸ் அணிக்காக லாரி டோபி களமிறங்கினார். வயது 23.

சரி, இரண்டாவதாக வந்தவருக்கு எதுக்கு விழா என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். மேஜர் லீக் என்பது அன்று நேஷனல், அமெரிக்கன் என்று தனித்தனி லீக். ஒவ்வொன்றிலும் 8 அணிகள். சீசன் முழுக்க அவரவர் லீகுக்குள்ளேயே ஆடுவார்கள். இரண்டு சாம்பியன்களும் சந்திப்பது அக்டோபர் வேர்ல்டு சீரிஸில் மட்டும்தான். ராபின்சன் இருந்தது நேஷனல் லீக். ஆக அமெரிக்கன் லீகின் எல்லா மைதானத்திலும் வசவையும் மிரட்டலையும் முதலில் வாங்கிக்கட்டிக்கொண்டவர் டோபி. இரண்டாவது ஆள் என்பதால் கூட்டம் தள்ளுபடி எதுவும் தரவில்லை.

தயாரிப்பும் அவருக்குக் கிடைக்கவில்லை. ராபின்சனை 1945இலேயே ஒப்பந்தம் செய்த பிராஞ்ச் ரிக்கி, 1946 முழுக்க மான்ட்ரியலில் கீழ்மட்ட லீகில் ஆடவைத்துப் பழக்கினார். டோபி ஜூலை 4 அன்று நியூவார்க் ஈகிள்ஸ் என்ற கறுப்பர் அணிக்கு ஆடினார். மறுநாள் சிகாகோவில் கிளீவ்லாண்ட் சட்டையுடன் நின்றார். டெஸ்ட் சர்வரில் ஒருநாள்கூட ஓட்டாமல் கோடை நேராக புரொடக்‌ஷனில் ஏற்றுவதுபோல. எங்கள் தொழிலில் அப்படிச் செய்தால் வேலை போய்விடும். ஒரு விஷயத்தில் மட்டும் கிளீவ்லாண்ட் முதலாளி பில் வீக் ரிக்கியைவிட நேர்மையாக நடந்துகொண்டார். ராபின்சனின் பழைய அணிக்கு ரிக்கி ஒரு பைசா தரவில்லை. வீக், ஈகிள்ஸின் உரிமையாளர் எஃபா மேன்லிக்கு 10,000 டாலரும், டோபி அணியில் நிலைத்தால் மேலும் 5,000 டாலரும் தர ஒப்புக்கொண்டார்.

முதல் நாள் மேனேஜர் லூ பூட்ரோ ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினார். சிலர் கை கொடுக்கவில்லை. பந்து போட்டுப் பழகத் துணைக்கு யாரும் வராமல் டோபி நிற்க, கடைசியில் ஜோ கார்டன் வந்தார். இதில் ஒரு வேடிக்கை. டோபி நியூவார்க்கில் ஆடியது இரண்டாவது பேஸில். கிளீவ்லாண்டில் அந்த இடம் இதே கார்டனுடையது. பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருந்தது. அந்த வருஷம் 32 தடவை பேட் பிடித்து 5 ஹிட். அவ்வளவுதான்.

1948இல் அவரை அவுட்ஃபீல்டுக்கு மாற்றினார்கள். கிரிக்கெட்காரர்களுக்கு இது சின்ன மாற்றமாகத் தெரியலாம். நடு அவுட்ஃபீல்டில் நிற்பவர், மட்டையில் பட்ட கணத்திலேயே பந்து எங்கே விழும் என்று கணித்து, தேவைப்பட்டால் முதுகைக் காட்டி ஓடி, சரியான இடத்தில் திரும்பிப் பார்க்க வேண்டும். சொல்லிக்கொடுத்தவர் டிரிஸ் ஸ்பீக்கர், அந்த இடத்தில் ஆடியவர்களிலேயே தலைசிறந்தவர்களில் ஒருவர். டெக்சாஸ் வெள்ளையர். பகலில் ஸ்பீக்கரிடம் பாடம். ராத்திரி டூசான் நகரத்தில் அணி தங்கிய ஓட்டலில் டோபிக்கு அறை இல்லை.

அந்த சீசனில் டோபியின் சராசரி .301. அக்டோபர் 9, வேர்ல்டு சீரிஸின் நாலாவது ஆட்டம், 81,897 பேர் கூட்டம். ஜானி செயின் போட்ட பந்தை டோபி ஹோம் ரன்னாக அடித்தார். 2-1 என்று வெற்றி. ஆட்டம் முடிந்து டோபியும் வெள்ளைக்கார பிட்சர் ஸ்டீவ் குரோமெக்கும் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரிக்கும் படம் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது. கை கொடுக்க மறுத்த அதே அணிதான்! அந்த வருஷம் கோப்பையும் அவர்களுக்கே.

பிறகு வந்த நல்ல வருஷங்களை வேகமாகச் சொல்லிவிடலாம்: தொடர்ந்து ஏழு ஆல்-ஸ்டார் தேர்வு, 1952லும் 1954லும் 32 ஹோம் ரன் அடித்து லீகில் முதலிடம். 1954 வேர்ல்டு சீரிஸில் வில்லி மேஸ் முதுகைக் காட்டி ஓடிப் பிடித்த கேட்ச் உலகப் பிரசித்தம். அப்போது இரண்டாவது பேஸில் நின்றவர் டோபி.

எனக்கு இந்தக் கதையில் அதிகம் உறுத்துவது, அவர் ஆடி முடித்த பிறகு நடந்தது. 1971 முதல் மூன்று வருஷம் மான்ட்ரியல் எக்ஸ்போஸில் பயிற்சியாளர். 1974இல் கிளீவ்லாண்டுக்கே பயிற்சியாளராகத் திரும்பினார். அதுவரை மேஜர் லீகில் கறுப்பர் யாரும் மேனேஜர் ஆனதில்லை. பேஸ்பாலில் மேனேஜர் என்றால் சும்மா இல்லை. பேட்டிங் வரிசை, பிட்சரை மாற்றுவது எல்லாம் அவர் கையில். பழைய ஊர், பழைய அணி, பயிற்சி அனுபவம் என்று டோபிக்கு எல்லாம் பொருந்தி வந்தது. செப்டம்பரில் ஃபிராங்க் ராபின்சன் என்ற ஆட்டக்காரரைக் கிளீவ்லாண்ட் வாங்கியது. அக்டோபரில் அவரையே மேனேஜராக அறிவித்தது. முதல் கறுப்பின மேனேஜர். பெயரும் ராபின்சன், பாருங்கள்.

ஃபிராங்க் தகுதியில்லாதவர் அல்ல. புவேர்ட்டோ ரிக்கோவின் குளிர்கால லீகில் ஏற்கனவே அணிகளை நடத்தியவர். ஆனால் டோபியின் இடத்தில் நின்று யோசித்தால் அந்தத் தகுதி ஆறுதலாக இருந்திருக்காது.

மறுபடி வந்தவர் பில் வீக்தான். சிகாகோ ஒயிட் சாக்ஸ் அப்போது அவர் கையில். 1977இல் டோபி அங்கே பேட்டிங் பயிற்சியாளர். அணி 192 ஹோம் ரன் அடித்து 90 ஆட்டம் ஜெயித்தது. சீசன் முடிந்ததும் ரிச்சி ஜிஸ்க், ஆஸ்கர் கேம்பிள் என்ற இரண்டு பெரிய அடிகாரர்களும் வேறு அணிக்குப் போய்விட்டார்கள். அடுத்த வருஷம் அணி தடுமாற, ஜூன் 30 அன்று மேனேஜர் பாப் லெமனை நீக்கிவிட்டு டோபியை வைத்தார்கள். லெமன் வேறு யாருமல்ல, 1948 கோப்பை அணியில் டோபியோடு ஆடிய பிட்சர்.

டோபிக்குக் கிடைத்தது 87 ஆட்டம்: 37 வெற்றி, 50 தோல்வி. பல்லைப் பிடுங்கிய அணியைப் பாதி வழியில் கொடுத்து, இந்தக் கணக்கை வைத்து ஒருவரை எடைபோடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. லெமனுக்கும் அதே அணியில் 34 வெற்றி, 40 தோல்விதான். சீசன் முடிந்ததும் டோபியை நீக்கி, மேனேஜர் அனுபவமே இல்லாத டான் கெசிங்கரை வைத்தார்கள். மேஜர் லீகில் டோபிக்கு அந்த நாற்காலி மறுபடி கிடைக்கவில்லை. லெமனோ வேலை போன ஒரு மாதத்துக்குள் நியூயார்க் யாங்கீஸுக்கு மேனேஜராகி, அதே 1978 அக்டோபரில் வேர்ல்டு சீரிஸை ஜெயித்தார்.

டோபியை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது 1998இல். வயது 74. லெமன் உள்ளே போய் 22 வருஷம் ஆகியிருந்தது.